பேரல் முனையில் ஒரு கடிகாரம்

ஏர் ரைபிள் பெட்டிகளின் மேல் 'வினாடிக்கு 1,000 அடி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் குண்டைப் போட்டுச் சுட்டபோது அந்த வேகம் வந்தது என்பது பெரும்பாலும் அச்சில் இருக்காது. ஈயம் கலக்காத, 0.35 கிராம் மட்டுமே எடையுள்ள குண்டு அந்த வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 16 ஜூல். நாம் வழக்கமாகப் போடும் 0.53 கிராம் ஈயக் குண்டு அதே வேகத்தில் போனால் 24 ஜூலைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றுதான், ஆனால் முதலாவது சட்டத்தின் வரம்புக்குள் நிற்கிறது, இரண்டாவது வெளியே போய்விடுகிறது.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஏர் ரைபிள்களை இரண்டாகப் பிரிக்கின்றன. குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள் இருந்து, முனையில் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாவிட்டால் ஒரு வகை. இரண்டில் எது மீறினாலும் உரிமம் கேட்கும் வகை. விட்டத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஆற்றலை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. குண்டை நிறுத்து, வேகத்தை அளந்து, கணக்குப் போட்டால்தான் தெரியும். ஏர் ரைபிள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மைசூரில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து மேற்கே இரண்டு, மூன்று மணி நேரம் போனால் குடகு. அங்கே துப்பாக்கி குடும்பச் சொத்து. கைல்போள்து திருநாளில் அதற்குப் பூச்சூட்டி வணங்கிவிட்டு, மரத்தின் உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி நடத்துவார்கள். குடகர்களுக்கு உரிமத்திலிருந்து அளித்த விலக்கு செல்லும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அந்தப் பழக்கத்தின் நிழல் மைசூரு வரைக்கும் விழுகிறது. துப்பாக்கி என்றால் இந்தப் பக்கத்து வீடுகள் அவ்வளவாக மிரளுவதில்லை. அதனாலேயே ஏர் ரைபிளைப் பொம்மைபோல நினைப்பவர்களும் அதிகம். 20 ஜூல் ஆற்றலோடு வரும் ஈயக் குண்டு கண்ணைப் பறிக்கும். படக்கூடாத இடத்தில் பட்டால் ஆளையே கொல்லும்.

இங்கே நான் விவரிப்பது ஏர் ரைபிளுக்கு மட்டுமே. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், அங்கீகாரம் பெற்ற சுடுதளம் வேண்டும், அருகே பயிற்சியாளர் வேண்டும். அதன் முனைத் தீயும் அழுத்தமும் வேறு, பொருத்தும் கருவியும் வேறு.

கருவிகளில் எது?

வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இன்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. முதலாவது, முக்காலியில் நிற்கும் பெட்டி. அதன் மேல் குண்டு பறந்து போகும்போது விழும் நிழலை இரண்டு உணரிகள் பிடிக்கும். இரண்டாவது, பக்கத்தில் வைத்துவிட்டாலே குண்டைப் பின்தொடரும் டாப்ளர் ரேடார். அருமையான கருவி, விலையும் அதற்கேற்றது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: பேரலின் முனையிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய குழாய்.

அந்தக் குழாயினுள் இரண்டு அகச்சிவப்பு ஒளிவாசல்கள் இருக்கும். முதல் வாசலில் ஒளி மறிக்கப்பட்டதும் உள்ளே கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதில் மறிக்கப்பட்டதும் நிற்கும். வாசல்களுக்கிடையே 100 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அதைக் கடக்க எடுப்பது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு நேரம், அதாவது 400 மைக்ரோ வினாடி. இன்றைய மின்னணுக் கடிகாரத்துக்கு இது மிக நீண்ட நேரம். அங்கே தவறு நேர வாய்ப்பில்லை. தவறு தூரத்தில்தான் வரும். உணரிகளை ஒட்டியதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் வேகத்தில் 1 சதவீதம் பிசகும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் அது அங்கே 2 சதவீதமாகிவிடும். மலிவான கருவியை அப்படியே நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அதைச் சரிபார்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

முனையிலேயே மாட்டுவதில் பெரிய லாபம், சட்டம் கேட்கும் இடத்திலேயே அளவு கிடைப்பது. இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்தினால் குண்டு அதற்குள் கொஞ்சம் வேகம் இழந்திருக்கும். முக்காலியை இலக்கோடு நேர்ப்படுத்தும் வேலையும் இல்லை. துப்பாக்கி எங்கே திரும்பினாலும் கருவி கூடவே திரும்பும். நட்டமும் உண்டு. முனையில் எடை ஏறியதும் பேரலின் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். ஆகவே கருவி மாட்டியிருக்கும்போது குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அன்றைக்கு வேகம் மட்டும் போதும்.

இடம்

மொட்டை மாடி கூடாது. மைசூரில் வீடுகள் நெருக்கம். தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும். சாமுண்டி மலை அடிவாரம் காட்டுப் பகுதி, ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம்; துப்பாக்கி உறையோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏர் ரைபிளும் ஆயுதம்தான். உறுப்பினராக இருக்கும் சுடுதளம் இருந்தால் அங்கேயே செய்யுங்கள். இல்லாவிட்டால் நான்கு பக்கமும் சுவர் உள்ள அறை போதும். வேகம் அளக்கப் பத்து மீட்டர் நீளம் தேவையில்லை, மூன்று மீட்டரே தாராளம்.

குண்டை நிறுத்த ஒரு மரப்பெட்டி. உள்ளே பழைய துணியை நெருக்கி அடைத்து, பின்பக்கம் இரும்புத் தகடு வையுங்கள். அதற்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். கதவோ சன்னலோ இருக்கக் கூடாது. அறையில் இருக்கும் அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், பார்க்க மட்டும் வந்தவரும்கூட. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் விரலில் ஒட்டும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். சன்னல் வழியே வெயில் நேராகக் குழாயின் வாயில் விழுந்தால் உணரி குழம்பும். பழைய ட்யூப் லைட் வினாடிக்கு நூறு முறை மினுக்கும். சில கருவிகள் அந்த மினுக்கலையே குண்டு என்று எண்ணிக்கொள்ளும். திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் பின்னால் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

முதலில் குண்டை நிறுங்கள்

பலரும் தவறவிடும் படி இது. டப்பாவின் மேல் போட்டிருக்கும் எடை சராசரிதான். ஒரே ஒரு குண்டைத் தராசில் வைத்தால், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில்கூட 1 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். அதனால் 50 குண்டுகளைச் சேர்த்து நிறுத்து 50ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 26.5 கிராம் வந்தால் ஒன்று 0.53 கிராம். நகைக்கடையில் நிறுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். தெரிந்த கடையாக இருந்தால் மறுக்க மாட்டார்கள். பாவாடை போன்ற பின்பகுதி நசுங்கிய குண்டுகளை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். அவை குழலில் காற்றைக் கசியவிடும், எண்கள் தாறுமாறாக வரும்.

இரண்டு எடைகளில் குண்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வழக்கமானது ஒன்று, 0.67 கிராம் அளவில் கனமானது ஒன்று. ஸ்பிரிங் ரைபிளில் எடை கூடினால் வேகம் குறைந்து ஆற்றலும் பெரும்பாலும் குறையும். முன்கூட்டியே காற்றடைத்து வைக்கும் பி.சி.பி. ரைபிளில் நிலைமை நேர்மாறு: கனமான குண்டுக்குத்தான் ஆற்றல் அதிகம் ஏறும். இலேசான குண்டில் 18 ஜூல் காட்டிய பி.சி.பி. கனமான குண்டில் 20ஐத் தாண்டக்கூடும்.

மாட்டுவது

துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். நினைவை நம்பாமல் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதிசெய்யுங்கள். பி.சி.பி. என்றால் போல்ட்டைத் திறந்து வையுங்கள். பேரலை மடக்கும் ஸ்பிரிங் ரைபிள் என்றால் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் பேரலைக் கொஞ்சம் மடக்குங்கள், முழுக்க மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிவிடாதீர்கள். ஏறிய நிலையில் தவறுதலாக டிரிகர் அழுந்தினால் பேரல் எகிறி மூடும். விரல் நடுவில் இருந்தால் போச்சு.

முனையில் முன்பக்கக் குறிமுள் இருந்தால் கழற்றுங்கள். பேரலை உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். பசை இருந்தால் கருவி நழுவும். குழாயின் பின்வாயில் ரப்பர் வளையமோ சிலிகோன் உறையோ இருக்கும். பேரல் அதைவிட மெல்லியதாக இருந்தால் மின்சார டேப்பை ஒரே சீராக, மேடுபள்ளம் இல்லாமல் சுற்றுங்கள். ஒரு பக்கம் தடித்துப் போனால் கருவி சாய்ந்துதான் உட்காரும். பிறகு கருவியைத் தள்ளி, பேரலின் முனை உள்ளே இருக்கும் படியில் முட்டும் வரை கொண்டுபோங்கள்.

திருகுகள் மூன்று இருந்தால் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கள். விரல்களால் ஆலன் கீயைப் பிடித்துச் சுழற்றும் பலம் போதும். அதற்கு மேல் முறுக்கினால் பேரலின் கறுப்புப் பூச்சில் தடம் விழும்.

இனி நேர்ப்பாடு. இந்த வேலையில் மிக அதிகமாகப் பொறுமை கேட்பது இதுதான், இதில் அவசரப்பட்டவர்களின் கருவிதான் முதல் குண்டிலேயே உடைகிறது. 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள் இலகுவாகப் போகும் வளையாத பித்தளைக் கம்பி ஒன்றை, துப்பாக்கியின் பக்கவாட்டில் நின்றுகொண்டு, கருவியின் வாய் வழியாகப் பேரலுக்குள் செலுத்துங்கள். விரல்களுக்கிடையே உருட்டினால் எங்கும் உரசாமல் சுழல வேண்டும். ஒரு பக்கம் உரசினால் அந்தப் பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்குங்கள்.

மடக்கும் பேரல் என்றால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கொஞ்சம் மடக்கிய நிலையிலேயே துப்பாக்கியை மேசையில் கிடத்தி, முனைக்கு முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள். பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பாருங்கள். குழலின் வட்டமும் கருவியின் வட்டமும் ஒரே மையத்தில், ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும். முனைப் பக்கத்திலிருந்து ஒருபோதும் பார்க்காதீர்கள். காலி என்று நூறு முறை தெரிந்திருந்தாலும் வேண்டாம்.

கடைசியில் கம்பியை வெளியே எடுத்தாயிற்றா என்று பாருங்கள். எடுத்த கம்பியைக் கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேல் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

முதல் குண்டு

கருவியை இயக்கி, குண்டின் எடையை அதில் பதியுங்கள். சில கருவிகள் ஆற்றலையும் தாமே கணக்கிட்டுக் காட்டும். பெட்டியின் முகப்பில் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டுங்கள். முதல் சுடுதலில் எண்ணைவிடத் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓட்டை வட்டமாக இருந்தால் குண்டு எதிலும் படாமல் வந்திருக்கிறது. நீள்வட்டமாகவோ ஒரு பக்கம் கிழிந்தோ இருந்தால் குண்டு கருவியின் உள்ளே எங்கேயோ உரசிப் புரண்டிருக்கிறது. கழற்றி மறுபடி நேர்ப்படுத்துங்கள்.

தாள் சரி என்றால் எண்ணுக்கு வரலாம். ஸ்பிரிங் ரைபிளில் முதல் சில எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே தங்கிய எண்ணெய் அழுத்தத்தின் சூட்டில் எரிந்து வேகத்தை ஏற்றிக் காட்டும். முனையில் மெல்லிய புகையும் எரிந்த நெடியும் வந்தால் அதுதான் நடக்கிறது. புகை நின்ற பிறகு தொடர்ந்து 10 குண்டுகள், ஒரே மூச்சில் அல்லாமல் ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் விட்டு. ஸ்பிரிங் ரைபிளின் உதை முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் வரும், திருகுகள் தளரும். ஐந்து சுட்டதும் ஒருமுறை கருவியைத் தொட்டுப் பாருங்கள். பேரலை மடக்கும்போது பழக்கதோஷத்தில் முனையைப் பிடிக்காதீர்கள்; கை கருவிக்குப் பின்னால், பேரலின் மேலேயே இருக்கட்டும். குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் கூடாது. எதிர்க்கக் காற்றுத் தலையணை இல்லாததால் பிஸ்டன் முழு வேகத்தில் மோதிச் சேதமாகும்.

பி.சி.பி. ரைபிளுக்குப் பத்து போதாது. தொட்டியை முழுக்க நிரப்பி, அழுத்தம் இறங்கும் வரை எல்லாக் குண்டுகளையும் அளக்க வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத ரைபிளில் வேகம் தொடக்கத்தில் குறைவாக இருந்து, நடுவில் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கும். சட்டக் கணக்குக்கு அந்த உச்சம்தான் முக்கியம். முதல் பத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்தவர், நடுவில் எங்கே நிற்கிறார் என்பதை அறியாமலே இருப்பார்.

எண்ணைப் படிப்பது

கணக்கு எளிது. குண்டின் எடையைக் கிலோகிராமாக மாற்றுங்கள். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, எடையால் பெருக்கி, பாதியாக்குங்கள். 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 240 மீட்டர் போனால் 15.3 ஜூல். அதே குண்டு 20 ஜூலைத் தொடுவது வினாடிக்கு 275 மீட்டரில். 0.67 கிராம் குண்டு அதே 20ஐத் தொட 244 மீட்டரே போதும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

சராசரியை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்தாதீர்கள். பத்தில் மிக அதிகமானதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளிதான் துப்பாக்கியின் உடல்நிலையைச் சொல்லும். நல்ல நிலையில் இருக்கும் போட்டி ரைபிளில் அந்த இடைவெளி வினாடிக்குச் சில மீட்டர்களே இருக்கும். அது திடீரென்று விரிந்தால் சீல் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது குண்டு மட்டமாக இருக்கலாம். சராசரி அப்படியே இருந்து இடைவெளி மட்டும் விரிவதும் உண்டு. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அது புலப்படாது.

போட்டிக்காரருக்கு இது ஏன் முக்கியம் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் அளவில் போகிறது. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் கீழே இழுக்கும். வேகம் 165ஆகக் குறைந்தால் சரிவு 18 மில்லிமீட்டர். வித்தியாசம் 1 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தப் போட்டியில் தசமப் புள்ளி ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர். ஆக 1 மில்லிமீட்டர் என்பது 0.4 புள்ளி. இறுதிச் சுற்றுப் பதக்கங்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்திலும் கைமாறியிருக்கின்றன. 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் பிறந்த ஊர் கடலூர்.

கடலூருக்கு இந்த விஷயத்தில் அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு.

கருவியைச் சரிபார்ப்பது

குண்டின் வேகத்தை உலகில் முதன்முதலாக நம்பத்தக்க முறையில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர். 1742இல் வெளியான அவருடைய பீரங்கி நூல் அந்தத் துறையையே மாற்றியது. மாபெரும் கணிதர் ஆய்லர் 1745இல் அதை ஜெர்மனில் தந்தார். ராபின்ஸிடம் மின்சாரமும் கிடையாது, மைக்ரோ வினாடிக் கடிகாரமும் கிடையாது. கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்ததும் ஊசல் எவ்வளவு ஆடியது என்பதை, அதில் கட்டியிருந்த ரிப்பன் எவ்வளவு இழுபட்டது என்று பார்த்து அளந்தார். மஸ்கட் என்னும் அக்காலத் துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கும் மேல் போகிறது, அந்த வேகத்தில் காற்றின் தடை அதுவரை எண்ணியிருந்ததைவிடப் பல மடங்கு பெரியது என்ற இரண்டு உண்மைகளும் அந்த ஆட்டத்திலிருந்து கிடைத்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரை அனுப்பியது. 1750இல் வந்தவர், அடுத்த ஆண்டு ஜூலை 29 அன்று கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். வயது 44.

அவர் விட்ட இடத்திலிருந்து இங்கிலாந்தின் வுல்விச்சில் சார்லஸ் ஹட்டன் அந்த ஊசலைப் பீரங்கிகளுக்குப் பெரிதாக்கி, சோதனைகளைத் தொடர்ந்தார். மைசூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்த பிறகு, திப்புவின் இரும்புக் குழல் ராக்கெட்டுகள் போய்ச் சேர்ந்ததும் அதே வுல்விச்சுக்குத்தான். அந்த ராக்கெட்டுகளை முறையாக ஆராய்ந்து எழுதிய பெங்களூரு விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மாவின் கட்டுரையை, ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

ராபின்ஸின் ஊசலை நீங்களும் வீட்டில் கட்டலாம். கடையில் வாங்கிய கருவி சொல்வது உண்மையா என்று பார்க்க இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஒரு சிறு மரப்பெட்டியில் கெட்டியான களிமண்ணை அடைத்து, மொத்த எடை சரியாக 1 கிலோ வரும்படி செய்யுங்கள். பெட்டியின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, உத்தரத்திலிருந்து 1 மீட்டர் நீளத்தில் தொங்கவிடுங்கள். ஒரே நூலில் தொங்கவிட்டால் பெட்டி சுழலும். நான்கு நூலில் தொங்கினால் சுழலாமல் முன்னும் பின்னும் போகும். பெட்டியின் பின்னால், அதை மெல்லத் தொட்டபடி, ஒரு தடத்தின் மேல் சிறு அட்டைத் துண்டை நிறுத்துங்கள். ஊசல் தள்ளிய தூரத்தில் அட்டை அப்படியே நின்றுவிடும். அதை ஸ்கேலால் அளக்கலாம். முனைக்காற்று பெட்டியைத் தள்ளாதிருக்க மூன்று மீட்டர் தள்ளி நின்று, களிமண்ணின் நடுவில் சுடுங்கள். இந்த முறைக்கும் பின்னால் இரும்புத் தகடும் சுவரும் அவசியம். களிமண்ணைத் தவறவிட்ட குண்டு அங்கேதான் போகும்.

0.53 கிராம் குண்டு வினாடிக்கு 200 மீட்டரில் வந்து பதிந்தால், 1 கிலோ பெட்டி சுமார் 34 மில்லிமீட்டர் நகரும். கணக்கு இப்படி: பெட்டியின் எடையைக் குண்டின் எடையால் வகுத்து, நகர்ந்த தூரத்தை மீட்டரில் எழுதிப் பெருக்கி, அதை 3.13ஆல் பெருக்க வேண்டும். 3.13 என்பது 1 மீட்டர் நீள ஊசலுக்கு மட்டுமே பொருந்தும் எண். நூலின் நீளம் மாறினால் அதுவும் மாறும். ஸ்கேலில் 1 மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் விடை 3 சதவீதம் தவறும் என்பதால், ஐந்தாறு முறை சுட்டுச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் புதைந்த குண்டைத் தோண்டி எடுத்துவிடுங்கள், எடை கூடிக்கொண்டே போகக் கூடாது.

ஊசல் 200 சொல்லி, முனைக் கருவி 203 சொன்னால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம். மூன்று மீட்டர் காற்றில் குண்டு கொஞ்சம் வேகம் இழப்பது இயல்பு. ஊசல் 200 சொல்லி, கருவி 225 சொன்னால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மைசூரின் உயரமும் கணக்கில் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் மேலே இருக்கும் இந்த ஊரில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு. ஸ்பிரிங் ரைபிள் சுற்றியுள்ள காற்றையே உறிஞ்சி அழுத்துவதால், இங்கே எடுத்த அளவும் சென்னையில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பி.சி.பி.க்கு உள்ளே அடைத்த காற்றுதான் வேலை செய்கிறது. முனை வேகத்தில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் தெரியாது. ஊர் மாறிப் போகிறவர்கள் ஸ்பிரிங் ரைபிளைப் போன இடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

கழற்றுவதும் குறித்துவைப்பதும்

துப்பாக்கி காலியா என்று மறுபடி பார்த்த பிறகே திருகைத் தொடுங்கள். மாட்டியதைப்போலவே கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக் கழற்றுங்கள். டேப்பின் பசையைத் துடைத்துவிட்டு இலேசாக எண்ணெய் தடவுங்கள். மைசூரின் மழைமாதங்களில் விரல் பட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். குறிமுள்ளைத் திரும்ப மாட்டினால் குறியை மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

தேதி, ஊர், அறையின் வெப்பநிலை, குண்டின் பெயரும் நிறுத்த எடையும், பத்து எண்களும், சராசரி, இடைவெளி, ஆற்றல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உறையிலேயே வையுங்கள். பி.சி.பி. என்றால் தொட்டியின் அழுத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். காவல்துறை கேட்டால் இந்தத் தாள் சான்றிதழாக நிற்காது. ஆனால் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கே தெரிய வேண்டியது அதில் இருக்கும்.

கருவியிலும் தராசிலும் இருக்கும் தவறுகளைக் கூட்டினால், 19.8 ஜூல் என்ற எண்ணை வைத்துக்கொண்டு '20க்குள் இருக்கிறேன்' என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. என் தீர்ப்பு இதுதான்: எந்த எடைக் குண்டிலும் 19 ஜூலைத் தாண்டாத ரைபிளையே வீட்டில் வைத்திருங்கள். தாண்டினால் நீங்களே ஸ்பிரிங்கை வெட்டியோ வால்வைத் திருகியோ குறைக்கப் பார்க்காதீர்கள். பழுதுபார்க்கத் தெரிந்தவரிடமோ விற்ற கடையிலோ கொடுங்கள், அல்லது உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்காகத் துப்பாக்கியைத் துடைத்து வைக்கும் வீடுகள், அந்த வாரத்திலேயே இந்த அளவையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.